ஒளி குன்றும் பிளாத்திக்கும் அதனை அளக்கும் முறையும்

கதிர்வீச்சினால் ஒரு பொருள் எவ்வளவு பழுதுற்றது என்னும் வினாவுக்கு ஒற்றை எண்ணை விடையாகக் கூறும் வழக்கம் விஞ்ஞானிகளிடத்தும் உண்டு. அவ்வெண் எந்நிபந்தனைகளின்கீழ்ப் பெறப்பட்டதென்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாய் ஒதுங்கிவிடுகின்றது. செனீவாவை அடுத்துள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில், பெரிய ஹாட்ரன் மோதுவியின் சி.எம்.எஸ். என்னும் உணர்கருவியைக் கையாளும் அறிஞர் குழு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை இவ்வழக்கத்தை அசைத்துப் பார்க்கின்றது. அதனைச் சீர்தூக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சிந்திலேற்றர் என வழங்கும் ஒளிர் பிளாத்திக்கு, மின்னேற்றமுடைய துணிக்கை தன்னூடே செல்லுங்கால் ஒரு கணம் மினுங்குவது. பொலிசுத்தைரீன் போன்ற மூலப்பொருள் பெறும் சத்தியை அதனுட் கரைந்துள்ள சாயப்பொருள்கள் ஏற்று நீல ஒளியாக வெளிவிடுகின்றன. பிளாத்திக்கு ஓட்டிற் பதித்த நார் அதனைப் பச்சையொளியாக மாற்றி ஒளியுணரிக்குக் கொண்டு செல்கின்றது. கதிர்வீச்சு மிகுந்தால் ஓடு மஞ்சளிக்கும். மூலக்கூற்றுப் பிணைப்புக்கள் அறுந்து தோன்றும் மூலிகங்கள் நீல ஒளியை விழுங்குகின்றன. அவற்றுட் சில நாளடைவில் மறையும். சில நிலையான கறையாய் எஞ்சும்.

எஞ்சும் ஒளி, ஏற்ற கதிரளவுடன் அடுக்குக்குறி முறையிற் குறையுமென்பர். அவ்விதியில் வரும் மாறிலி ஒன்றே பொருளின் தாங்குதிறனைக் காட்டுமென நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஆனால் ஒரே கதிரளவை விரைந்து ஏற்ற ஓட்டில் நூற்றுக்கு 80 பங்கு ஒளியும், மெல்ல ஏற்ற ஓட்டில் 60 பங்கும் எஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். இரு மாறிலிகளும் ஒன்றற்கொன்று இருமடங்குக்கு மேல் வேறுபடும். இவ்வாறு மாறுவதற்கு மாறிலியென்று பெயரிடுதல் விந்தையே.

இது வெறுங் கற்பனையன்று. பத்தாண்டுக் கதிரளவை ஒரு வாரத்தில் ஊட்டும் கோபாற்று-60 சோதனை, இயற்கை வீதத்தினும் ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் நிகழ்வது. அப்பொழுது காற்றின் ஒட்சிசன் மேற்பரப்பிலேயே செலவாகி உட்புகாது நிற்கும். அது புகும் ஆழம் கதிரளவு வீதத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறானது. மெல்லிய வீதத்திலோ ஒட்சிசன் ஓடு முழுவதும் பரவி வேறொரு வேதியியற் கதையை எழுதுகின்றது. குறிப்பிட்ட எல்லைக்குள், ஒரே கதிரளவுக்கு வீதம் குறையக் குறையச் சேதம் கூடுகின்றதென்பதே 2020ஆம் ஆண்டு ஆய்வுரையின் முடிபு. அளவை நூலார் மொழியிற் கூறின், விரைவுச் சோதனை கருதலளவை. புகை கண்டு தீயைக் கருதுவார்க்கு இரண்டற்கும் நீங்காத் தொடர்பு வேண்டும். ஈண்டு அத்தொடர்பே இல்லை.

ஆய்வாளர் கையாண்ட சான்றுகளே இவ்வுரையின் வலிமை. இலேசர் ஒளி, ஓடுகளை ஒட்டி நகரும் கதிரியக்க மூலம், மோதல்களிற் பிறக்கும் ஹாட்ரன்கள், மியூயோன்கள் எனப் பலவழிகளில் அளந்தனர். 2017இல் கருவியின் ஒரு பகுதியிற் பழைய கலப்பு ஒளியுணரிகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் ஒளியுணரிகள் பொருத்தப்பட்டிருந்தன. அதற்கு முன்னர் ஓடுகளின் பழுதெனக் கொள்ளப்பட்ட ஒளியிழப்பில் கணிசமான பங்கு பழைய உணரிகளின் தேய்வே என்பது இந்த ஒப்பீட்டாற்றான் புலப்பட்டது. அளக்கும் கருவியே தேயுமாயின் அளக்கப்படுவதன்மேற் பழி விழும்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. மோதுவியின் ஓடுகள் நியூத்திரன்கள் உட்படப் பலவகைத் துணிக்கைகளை ஏற்பவை. கோபாற்று தருவதோ காமாக் கதிர். ஓடுகளின் தடிப்பும் பரப்பும் வேறு. கதிர்பட்டபின் ஆறவிட்ட காலமும் வேறு. இவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தில் வீதமென்னும் ஒற்றை அச்சின்மேல் நிறுத்தினால், ஊடே கோடு கிழித்து அளக்காத இடத்துக்கும் அதனை நீட்டும் ஆசை வாசகனுக்கு எழும். ஆய்வாளர் தம் முடிபை அளந்த வீச்சுக்குள் நிறுத்தியமை பாராட்டத்தக்கது; எடுத்தாள்வோர் எல்லோரும் அவ்வடக்கத்தைப் பேணுவார் என்பதற்கு உறுதியில்லை.

இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. கதிர்வீச்சு மிக்க எதிர்காலத்துக்கென வகுக்கப்பட்ட புதிய சி.எம்.எஸ். கருவியில், கடுங்கதிர் படும் பகுதிக்குச் சிலிக்கனும் எஞ்சிய பகுதிக்கு ஒளிர் பிளாத்திக்கும் எனப் பங்கிட்டுள்ளனர். அவ்வெல்லைக் கோடு எவ்வளவு சேதம் எதிர்பார்க்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. மேலும் அக்கருவி உறைநிலைக்கு ஏறத்தாழ 30 பாகை கீழே இயங்க வேண்டியது. குளிரில் ஒட்சிசன் பரவும் விரைவு குறையும். ஆதலின் அறைவெப்பநிலையிற் பெற்ற எண்கள் அங்கே செல்லுமா என்பதைத் தனியே அளந்து காணல் வேண்டும்.