பகைவர் அச்சம்: கலிங்கத்துப்பரணியும் கணினிப் போர் விளையாட்டும்

போர்க்களத்துப் பகைவன் அஞ்சுவதைப் படைப்பாளன் காட்டுதல் வேண்டுமா? காட்டின், உள்ளவாறே காட்டுதல் தகுமா? கணினி விளையாட்டுக்களைப் படைப்போரிடையும் ஆடுவோரிடையும் இவ்வினா இன்று எழுந்துள்ளது. வீடியோ கேம் என்று மாணவர் வழங்கும் இவ்விளையாட்டுக்களில் ஆடுபவர் ஒருவர், எதிர்ப்போர் பலர். எதிர்ப்போர் யாவரும் பொறியின் ஏவலால் இயங்கும் உருவங்கள். தொண்ணூற்றொன்பதின்மர் வீழக் கண்ட நூறாமவன் சிறிதும் தயங்காது தானும் வந்து வீழ்கின்றான். இஃது இயல்பன்று, அவன் அஞ்சுதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அஞ்சி ஓடுவானைத் துரத்தித் திரிதல் ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கும் என்பர் மற்றொரு சாரார். தமிழாராய்ச்சி இதழில் இதற்கென்ன இடம் எனின், கூறுதும். இவ்வினாவைத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னரே எதிர்கொண்ட தமிழ் நூல் ஒன்று உண்டு. அது கலிங்கத்துப்பரணி. அந்நூல் தரும் விடையை நம் வகுப்பறைகள் பாதியளவே படித்து வருகின்றன என்பது எம் கருத்து.

முதற்கண் விளையாட்டுக்களின் நிலையைச் சுருங்கக் காண்போம். 1978இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் ஆட்டத்தில் வானிலிருந்து இறங்கும் பகைவர்க்கு அச்சம் என்பதே இல்லை. தம்மவர் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். 1980இல் வந்த பேக்மேன் ஆட்டத்தில் அச்சம் தோன்றிவிட்டது. ஆடுபவரைத் துரத்தும் பேய்கள், அவர் பெரும்புள்ளி ஒன்றனை விழுங்கிய அளவில் நீலநிறமாகித் திரும்பி ஓடும். சில நொடிகளில் நிறமும் அச்சமும் நீங்கப் பழையபடி துரத்தும். 2000த்தில் தொடங்கிய டோட்டல் வார் வரிசையில் படையின் ஊக்கம் கணக்கிடப்படுகின்றது. ஊக்கம் குன்றின் அணி குலைந்து ஓடும். 2001இல் வந்த ஹேலோவில் தலைவன் வீழ்ந்தால் சிறு வீரர் கைகளை உயர்த்தி அலறி ஓடுவர். 2009இல் வந்த பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. இருளில் மறைந்து ஒவ்வொருவராக வீழ்த்தப்படும் கயவர்தம் நெஞ்சத்துடிப்பு ஏறுவதை ஆடுபவர் எண்களாகவே காணலாம். அச்சம் அங்குப் படிப்பளவை ஆகிவிட்டது.

நம் மாணவர்க்கு இவற்றினும் அணுக்கமான ஆட்டம் ஒன்றுண்டு. 1999இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பகுதியில், 2022ஆம் ஆண்டின் விரிவாக்கத்தால் திராவிடர் என்னும் இனமும் இராசேந்திர சோழன் போர்நிரலும் சேர்க்கப்பட்டன. கும்பகோணத்து மாணவர் ஒருவர் சோழப்படையைத் தாமே செலுத்தி மகிழ்வதற்கு இன்று வழியுண்டு. ஆயின் அவ்வாட்டத்தில் வீரர் எவர்க்கும் அச்சமில்லை. ஏவிய இடத்தில் நின்று கடைசி ஒருவன் வரை பொருது மடிவர். சோழர் போரைப் பாடிய தமிழ்ப் புலவன் இவ்வாறு பாடினானா?

பாடவில்லை. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1110ஐ ஒட்டி நிகழ்ந்த கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடினார். படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். அவனுக்குரிய வண்டை நகரைத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரி எனக் கொள்வர். நம் ஊர்க்கு மிக அண்மையது. எதிர்த்தவன் அனந்தவர்மன். பரணி என்பது களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடும் இலக்கிய வகை என்று பாட்டியல் கூறும். அவ்வகை நூலில் பகைவர் வீரத்தை மிகுத்துக் காட்டினாற்றான் வென்றவன் பெருமை மிகும் என எதிர்பார்ப்போம். செயங்கொண்டாரோ அவர்தம் அச்சத்தையே மிகுத்துக் காட்டினார்.

அவ்வச்சம் வெறும் ஓட்டமன்று என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. கலிங்கர் ஒருவரை ஒருவர் முந்தி ஓடுகின்றனர். ஓடுகையில் தம் உடலின் நிழலைக் கண்டே வெருவுகின்றனர். அபயம் அபயம் என நடுங்குகின்றனர். அபயன் என்பது குலோத்துங்கன் பெயர்களுள் ஒன்று. அடைக்கலம் வேண்டும் சொல்லும் தம்மை அழிக்க வந்தவன் பெயரும் ஒன்றாகிவிட்ட நிலையை இதனினும் கூர்மையாகக் காட்டல் அரிது. பின்னர் வருவன வேடம் புனைந்த செய்திகள். தலைமயிரைப் பறித்தெறிந்து அமணர் எனத் தப்பினார் சிலர். வில்நாணைப் பூணூலாக மடித்திட்டுக் கங்கையாட வந்து அகப்பட்ட அந்தணர் யாம் என்றார் சிலர். குருதி தோய்ந்த கொடித்துணியைப் போர்த்து, எம் உடை கண்டும் சாக்கியர் என அறியீரோ என வினவினார் சிலர். யானையின் மணியைத் தாளமாகக் கைக்கொண்டு தெலுங்கப் பாணர் எனக் கும்பிட்டார் சிலர்.

இப்பகுதியை நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாகப் பாடம் சொல்லுதல் நம்மிடை வழக்காகிவிட்டது. தேர்வுத்தாளிலும் அவ்வாறே வினா அமையும். நகை இல்லையென யாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தேர்ந்த வேடங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தணர், துறவியர், பாணர் ஆகிய இவர் யாவரும் போரில் கொல்லத்தகாதார். போர் தொடங்குமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் அரண் சேர்க என அறிவிக்கும் மரபினைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டால் அறிகின்றோம். கலிங்க வீரர் வென்றவனுடைய அறத்தை அறிந்து அதனுள் ஒளிகின்றனர். அஞ்சுபவன் தன்னை அச்சுறுத்துவோனைப் பற்றி ஓயாது எண்ணுகின்றான். அவன் எதனைச் செய்யான் என ஆராய்ந்து ஆண்டு அடைகின்றான். மேற்கூறிய விளையாட்டுக்களின் பகைவர் ஓடுவர், நடுங்குவர், அலறுவர். ஆடுபவரின் அறம் யாதென எண்ணிப் பாரார். எண்ணுதற்கு அங்கு அறம் ஒன்றும் வகுக்கப்படவில்லை. நெஞ்சத்துடிப்பை எண்ணிக்காட்டும் பொறியினும் வில்நாணைப் பூணூலாக்கிய புலவனே உண்மைக்கு அணியனாக நிற்கின்றான்.

இனி, தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியலுக்கு வருவோம். அச்சத்திற்கு அவர் கூறும் நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. போர்க்களத்துப் பகைவன் இந்நான்கனுள் இல்லை. பகைவர் இழைக்கும் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவற்றை வெகுளியின் களனாகவும், தறுகண்மையைப் பெருமிதத்தின் களனாகவும் வைத்தார். எனவே வீரன் பகைவனைக் கண்டு அஞ்சுதல் அவ்விலக்கணத்தின் நேர்வழியில் அமையாதது. செயங்கொண்டார் அதனைப் பாடியபோது சோழனைப் பகைவன் நிலையினின்று உயர்த்தி அணங்கின் நிலையிலோ விலங்கின் நிலையிலோ வைத்துவிட்டார். இவற்றுள் எது என்பதை அவர் கூறவில்லை. கற்பாரே துணிதல் வேண்டும்.

அஞ்சினவனைக் காண்பவர் நிலை யாது? மெய்ப்பாட்டியலின் தொடக்கத்தில் பேராசிரியர் இதனைத் தொட்டுச் செல்கின்றார். அஞ்சினான் ஒருவனைக் கண்டார்க்குப் பிறப்பது அச்சம் அன்று. நகையும் பிறக்கலாம், கருணையும் பிறக்கலாம் என்பது அவர் உரையின் கருத்து. எம் ஆராய்ச்சிக்கு இஃதே திறவுகோல். பகைவன் அச்சத்தை எத்துணை உண்மையாகக் காட்டினும் அவ்வுண்மை தானே கருணையை விளைக்காது. அதே நடுக்கம் ஒருவர்க்கு நகையாகவும் மற்றொருவர்க்கு இரக்கமாகவும் முடியும். எதுவாக முடியும் என்பதைத் துணிவது அச்சத்தின் ஓவியமன்று, காண்பவன் இருக்கும் இடம். உண்மைபோலக் காட்டலாமா என வாதிடும் இரு சாராரும் இவ்விடத்தை நோக்கவில்லை.

பரணியில் அவ்விடம் யாருடையது? கலிங்கர் அச்சத்தைப் பாடுவது புலவன் வாய் அன்று, குலோத்துங்கன் வாயும் அன்று. களத்திலிருந்து ஓடிவந்த ஒரு பேய், காளியின் முன் நின்று, பசித்துக் கிடக்கும் மற்றைப் பேய்களும் கேட்கக் கூறுகின்றது. கலிங்கர் நடுக்கத்தைக் கேட்டு மகிழும் செவிகள் கூழுக்குக் காத்திருக்கும் செவிகள். இவ்வமைப்பு பரணியின் மரபு, எனவே அதில் தனிப்பொருள் காணல் ஆகாது எனச் சிலர் கூறலாம். மரபாயினும் அதனை நிரப்பிய முறை புலவனுடையது. நகைச்சுவை என நாம் மாணவர்க்குக் காட்டும் நகை பேய்களின் நகை என்பதை உடன் கூறாது விடுதல் நூற்கு இழுக்கு. மேலும், இப்போர் நிகழ்ந்தபோது குலோத்துங்கன் கலிங்கத்தில் இல்லை. காஞ்சி அரண்மனையில் வீற்றிருந்து ஏவினான். அமர்ந்த இடத்திலிருந்து ஏவி வெல்வது அரசன் பங்கு. அஞ்சுவாரைக் கண்டு களிப்பது பேயின் பங்கு. கணினி முன் அமரும் ஆட்டக்காரர்க்கு இவ்விரு பங்கும் ஒருங்கே தரப்படுகின்றன. முதற்பங்கை விளம்பரங்கள் சொல்லும். இரண்டாம் பங்கை எவரும் சொல்லார்.

காண்பவன் இருக்கும் இடத்தை மாற்றும் வழியும் தமிழில் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் தழிஞ்சி என ஒரு துறை வகுத்தார். தோற்றுப் புறங்கொடுத்து ஓடுவார்மேல் வாளோச்சாத மறப்பண்பு அது. திருவள்ளுவர் படைச்செருக்கில் ஊராண்மையைப் பேராண்மையின் கூர்மையாக வைத்தார். பரிமேலழகர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தானை முழுதும் இழந்து தனியனாய் நின்ற இலங்கை வேந்தனை அயோத்தி இறைவன் மறுநாள் படையோடு வருமாறு விடுத்த செய்தியை எழுதினார். இவ்விடங்களில் பகைவன் தளர்ச்சி வென்றவனை நோக்கி ஒரு வினாவாக நிற்கின்றது. வென்றவன் செயலால் விடை கூறுதல் வேண்டும். நகைக்கோ களிப்பிற்கோ அங்கு ஓய்வில்லை.

விளையாட்டுக்களுள் இவ்வினாவை எழுப்ப முயன்றனவும் உண்டு. 2011இல் வந்த ஸ்கைரிமில் தோற்கும் பகைவன் மண்டியிட்டு உயிர்ப்பிச்சை வேண்டுவான். ஆடுபவர் வாளைத் தாழ்த்தினால், சிறிது பொழுதில் அவனே எழுந்து மீண்டும் வெட்ட வருவான்! இரங்கினவர் இரண்டாம் முறை இரங்கார். அச்சத்தைக் குரலில் வைத்துச் செயலில் வையாமையின் பயன் இது. 2015இல் டோபி ஃபாக்ஸ் படைத்த அண்டர்டேல் எளிய ஓவியங்களால் ஆயது. உண்மைத்தோற்றம் என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுமில்லை. ஆயினும் ஒவ்வொரு பகைவனிடமும் போரிடலாம், அன்றி விட்டுவிடலாம். ஒருவரையும் கொல்லாது ஆட்டத்தை முடித்தல் கூடும். கொன்றதும் விட்டதும் பின்வரும் கதையில் நினைவுகூரப்படும். தழிஞ்சிக்கு நாம் கண்ட அண்மைய எடுத்துக்காட்டு இதுவே. எனவே அச்சம் உண்மையாக இருத்தல் வேண்டுமா என்னும் வினாவிற்கு எம் விடை: ஆடுபவர் மறுமொழி கூற இயலாத அச்சத்தை எத்துணை நுட்பமாகத் தீட்டினும் அது பேய்களுக்கு இட்ட கூழே. மறுமொழிக்கு இடமிருப்பின் நான்கு கோடுகளால் வரைந்த முகமும் போதும்.

கலிங்கத்துப்பரணியில் அம்மறுமொழி உண்டா? இதுதான் நூலின் கடுமையான இடம். ஓடுவாரைச் சோழப்படை விடவில்லை. குன்றில் ஒளிந்தாரை விடியுமளவும் வளைத்து நின்றது. அஞ்சினார் என்பதற்காக உயிர் பெற்றார் ஒருவரும் நூலில் இல்லை. கொல்லத்தகாதார் வேடம் புனைந்தோரே பெற்றனர். சோழர் அறம் வேடத்தைக் காத்தது, நடுக்கத்தைக் காக்கவில்லை. செயங்கொண்டார் இதனைப் பழியாகக் கூறினார் என யாம் சொல்லத் துணியோம். அவர் குலோத்துங்கனைப் புகழப் புகுந்தவர். ஆயின் மறைக்கவும் இல்லை. எதிரியோ முற்றும் அயலான் அல்லன். அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் இராசசுந்தரி சோழர்குலப் பெண். அவன் பெயரிலேயே சோழம் உள்ளது. பரணி குலைத்துக் காட்டிய அவ்வேந்தன் பின்னும் பல்லாண்டு ஆண்டான். பூரி சகந்நாதர் பெருங்கோயிலை எழுப்பத் தொடங்கியவனும் அவனே. அஞ்சியவன் பின்னர் என் செய்தான் என்னும் கதை பரணியில் இல்லை, இருக்கவும் முடியாது. பேய்கள் கூழுண்டு குலோத்துங்கனை வாழ்த்துவதோடு நூல் முடிகின்றது.

வேடம் புனைந்தோரைக் கூறி முடித்ததும் செயங்கொண்டார் ஒரு செய்தி வைக்கின்றார். இவர்களை ஒழித்து ஏழு கலிங்கத்தும் பிழைத்தவர் எவருமிலர். சுவர்களில் எழுதப்பட்ட ஓவிய உடல்களே வெட்டுண்ணாது எஞ்சின என்பது அது. உயர்வு நவிற்சி என்று உரைகாரர் இதனைக் கடந்து போவர். வரைந்த உருவத்தையும் பகைவன் என வெட்டும் ஆட்டங்கள் வந்துவிட்ட இந்நாளில், முதுகலை மாணவர் அவ்விடத்தில் சற்றே நின்று படித்தல் நன்று.