சொரசொரப்பின் சுகம்
மார்ஷல் மோட்டிஃப் இயர்பட்ஸில் எனக்கு முதலில் பிடித்தது அதன் பெட்டிதான். கிடார் ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு உறையில் இருக்கும் அதே சொரசொரப்பு. மேலே வெள்ளையில் சாய்ந்தோடும் பெயர். விரல் சும்மா இருக்காது, வருடிக்கொண்டே இருக்கும். இயர்பட்ஸின் காம்பிலும் நுண்ணிய வரிகள். பழைய ஹெட்போன் பின்னைப் பிடித்துச் செருகிய நாட்கள் விரல்நுனிக்குத் திரும்புகின்றன.

இரைச்சல் நீக்கத்தை இயக்கினால் பேருந்து எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் மெல்லக் கரைகிறது. வெளியோசையை மைக் கேட்டுக்கேட்டு, அதற்கு நேரெதிர் அலையை உடனுக்குடன் எழுப்பும் ஓயாத வேலை அது. ஹாரனும் கண்டக்டர் விசிலும் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். வரட்டும், இறங்குமிடம் தெரிய வேண்டுமே. உறுமல் விலகிய இடத்தில் இளையராஜா பாட்டின் பேஸ் கிடார் தனித்து நடந்து வருகிறது, ஒவ்வொரு தந்தியதிர்வும் உருண்டு திரண்டு. ட்ரெபிளை ஒரு படி குறைத்துக் கேட்டால் இன்னும் இதம்.