துறையில் தேர்ந்தவர் யார்?

எங்கள் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, முதல் மாடிக் கழிப்பறைக்கு வெளியே சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி. முகப்பில் நான்கு நிறங்களில் நான்கு பொத்தான்கள். கீழே நான்கு கேன்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் பெட்டிக்குள் போகிறது. பொத்தானை அழுத்தினால் தண்ணீரும் மருந்தும் சரியான விகிதத்தில் கலந்து பக்கெட்டில் விழும் என்று பொருத்த வந்தவர் விளக்கினார். அந்தப் பெட்டியை அன்றாடம் பயன்படுத்த வேண்டிய அக்கா அப்போது படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. விளக்கம் ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சொல்லப்பட்டது.

குழு வந்து போயிற்று. பெட்டி இருக்கிறது. அக்கா தன் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் கலக்கிறார். அதன் மூடியில் ஆணியைச் சுட்டுப் போட்ட மூன்று ஓட்டைகள். பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடுகள்: கீழ்க்கோடு வரை பினாயில், மேல்கோடு வரை தண்ணீர். கவிழ்த்து அழுத்தினால் வேண்டிய மூலையில் மட்டும் விழும், கையில் படாது. பினாயில் தண்ணீரோடு சேரும்போது பாலாக வெளுக்கும். வெளுப்பின் அடர்த்தியைப் பார்த்தே அளவு கூடியதா குறைந்ததா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே வராந்தாவில் இரண்டு கண்டுபிடிப்புகள். ஒன்று காப்புரிமை வாங்கும் வகையைச் சேர்ந்தது. மற்றதைக் கண்டுபிடிப்பு என்று நாம் சொல்வதே இல்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் பெட்டியின் உள்ளே பார்ப்போம். அதில் பெரும்பாலும் மோட்டார் கிடையாது. இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவான்னி பத்திஸ்தா வெந்துரி 1797இல் எழுதி வெளியிட்ட ஒரு தத்துவத்தின் மேல்தான் அது நிற்கிறது. குழாயின் இடுப்பு குறுகும் இடத்தில் தண்ணீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு துளை வைத்து, கேனிலிருந்து வரும் குழாயை இணைத்தால், ஓடும் தண்ணீரே மருந்தை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். குழாயின் முனையில் சிறு துளையுள்ள ஒரு வண்ணக் குமிழ். துளை சிறிதானால் மருந்து குறைவு, பெரிதானால் அதிகம். மருந்து திரும்பிக் குடிநீர்க் குழாய்க்குள் போய்விடாமலிருக்க நடுவில் ஒரு காற்று இடைவெளி. எளிமையான, அழகான வேலைப்பாடு. அடர் ரசாயனத்தைக் கையால் ஊற்றும்போது கண்ணிலும் தோலிலும் தெறிக்கிற ஆபத்தை இது உண்மையாகவே குறைக்கிறது. இயந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை.

தமிழ் இலக்கியம் படித்தவளுக்குக் காப்புரிமை ஆவணங்களில் என்ன வேலை என்று கேட்கலாம். அவையும் பிரதிகள்தாம். அவற்றுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கின்றன. கலவைக் கருவிகள் குறித்த சில அமெரிக்க ஆவணங்களைப் படித்தபோது ஒரே கதை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். கதை ஒரு குறையில் தொடங்கும்: கையால் கலப்பதில் அளவு தவறுகிறது, மருந்து வீணாகிறது, செலவு கூடுகிறது, ஆபத்தும் உண்டு. பிறகு கருவி வந்து குறையைத் தீர்க்கும். தவறுகிற அந்தக் கை யாருடையது என்பது மட்டும் வராது. திரவம் ‘ஊற்றப்படுகிறது’, வாளி ‘நிரப்பப்படுகிறது’. நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. வாக்கியத்தில் எழுவாய் வெளிப்படையாக நிற்காது, ஆனால் வினைமுற்றின் விகுதியைக் கொண்டு அது யாரென்று அறிந்துகொள்ளலாம். இந்த ஆவணங்களின் வினைகளிலோ அந்த விகுதிகூட இல்லை. செய்தவளைத் தேடிப் பிடிக்க வழியே இல்லாத வாக்கியங்கள் அவை.

ஆள் வருகிற இடங்கள் இரண்டு. ஒருவர் ‘ஆபரேட்டர்’ அல்லது ‘யூஸர்’: பொத்தானை அழுத்துகிறவர், தவறு செய்யக்கூடியவர். இன்னொருவர் ஆவணத்தின் முடிவில் வருவார். ‘இத்துறையில் தேர்ந்தவர்’ இந்தக் கருவியில் மேலும் பல மாற்றங்களைச் செய்துகொள்ள முடியும் என்று அங்கே எழுதியிருக்கும். இது வெறும் அலங்காரத் தொடர் இல்லை, சட்டத் தொடர். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் இந்தத் தேர்ந்தவர் இருக்கிறார். அவருக்கு எளிதில் தோன்றிவிடக்கூடிய ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக் காப்புரிமை கேட்க முடியாது.

ஒரு தரை எந்த மருந்துக்கு வெளுக்கும், எந்தக் கறை எத்தனை நிமிடம் ஊற வேண்டும், எந்தக் கழிப்பறையில் காற்று நிற்கும் என்று இருபது ஆண்டுகளாக அறிந்தவர் அக்கா. சுத்தம் செய்வது ஒரு துறை என்றால் அதில் தேர்ந்தவர் அவர். ஆனால் ஆவணம் சொல்லும் தேர்ந்தவர் குழாயும் வால்வும் அறிந்த பொறியாளர். துடைக்கிறவர் ஆபரேட்டர். ஒருவருக்கு அறிவு, மற்றவருக்குப் பிழை. நம் ஊரில் இந்தப் பிரிவினைக்குச் சாதியும் துணை. கழிப்பறை வேலையைச் சில சாதிப் பெண்களின் தலையில் கட்டிவிட்ட சமூகம், அந்த வேலையில் அறிவு உண்டு என்று ஒப்புக்கொண்டால் தன் கணக்கே தவறிவிடும் என்று அஞ்சுகிறது. துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். சொல் மாறியது. தேர்ந்தவர் பட்டியல் மாறவில்லை.

எங்கள் பெட்டி ஏன் ஓயாமல் சும்மா இருக்கிறது? ‘அக்காவுக்குப் போடத் தெரியவில்லை’ என்றார் சூப்பர்வைசர். நானும் நம்பினேன். ஒருநாள் அக்காவே பொத்தானை அழுத்திக் காட்டினார். பக்கெட்டில் விழுந்தது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ‘குழாயில தண்ணி வேகமா வந்தாத்தான மேடம் இது இழுக்கும்? நம்ம டேங்க் தண்ணிக்கு ஏது அந்த வேகம்?’ என்றார். வெந்துரியின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கும் முதல் மாடிக் குழாய்க்கும் இடையில் ஐந்தாறு மீட்டர்தான். அழுத்தம் குறையாமல் தண்ணீர் வரும் ஊர்களுக்காகச் செய்த கருவி அது. பழுது இடத்துக்கும் கருவிக்கும் நடுவில் இருந்தது. பழி ஆபரேட்டர் மேல் விழுந்தது. ஆவணத்தில் எழுதியிருந்த கதை எங்கள் வராந்தாவில் அப்படியே நடந்தேறியது.

கையின் அறிவைப் புனிதப்படுத்தவும் நான் வரவில்லை. பினாயில் வெளுத்துக் காட்டும். பிளீச்சிங் திரவம் எதையும் காட்டாது. தண்ணீரோடு தண்ணீராக நிற்கும். வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்திருந்தால் நாளாக நாளாக வீரியம் குறையும். போன மாதம் போதுமாயிருந்த ஒரு மூடி இந்த மாதம் போதாது. வாடை தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்ற பழக்கத்தில் நாம் அளவுக்கு மேல் ஊற்றுகிறோம். ஆழாக்கு, உழக்கு, நாழி என்று முகத்தலளவைக்கு எத்தனையோ பெயர் வைத்த மொழி நம்முடையது. நம் வீடுகளில் ரசாயனத்துக்கு இருக்கும் ஒரே அளவை ‘ஒரு மூடி’. அந்த மூடியும் பாட்டிலுக்குப் பாட்டில் வேறு.

இந்த அறியாமைக்கு விலை உண்டு. ஒருமுறை அக்காவிடம் லேபிள் இல்லாத கேனில் ஒரு திரவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான மருந்துதான் என்று நினைத்து ஊற்றினார். அது கழிப்பறை ஆசிட். ஏற்கெனவே அங்கே பிளீச்சிங் திரவம் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் குளோரினைத்தான். ஜன்னல் திறந்திருந்ததால் அக்கா வெளியே ஓடிவர முடிந்தது. மூன்று நாள் நெஞ்செரிச்சல், இருமல். இரண்டாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். காண்ட்ராக்டில் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. ‘பார்த்து ஊற்றக் கூடாதா’ என்று கேட்டார்கள். எதைப் பார்த்து? கேனில் எழுத்தே இல்லை. எழுத்துள்ள கேன்களிலும் ஆங்கிலம்தான். அவர் படிப்பது தமிழ்.

அளவைச் சொல்லும் கருவியைக் கண்டுபிடிக்க இவ்வளவு மூளை செலவானது. கேனுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் செலவாகவில்லை.

வேலையிடத்தில் மட்டும் இது நிற்பதில்லை. வீட்டுக்குள் வந்திருக்கும் கருவி ஸ்பிரே பாட்டில். விசையை இழுத்தால் திரவம் நுண்துளிகளாகச் சிதறுகிறது. கண்ணாடிக்குப் போவதில் ஒரு பங்கு மூச்சுக்குள் போகிறது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 6,235 பேரின் நுரையீரல் திறனை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. ஒரு விநாடியில் வெளிவிடக்கூடிய மூச்சின் அளவு வயதாக ஆக எல்லோருக்கும் குறையும். சுத்தம் செய்யாத பெண்களைவிட, வீட்டில் சுத்தம் செய்த பெண்களுக்கு அது ஆண்டுக்கு 3.6 மில்லிலிட்டர் கூடுதலாகக் குறைந்தது. அதையே தொழிலாகச் செய்த பெண்களுக்கு 3.9 மில்லிலிட்டர். ஆண்களிடம் அத்தகைய சரிவு தெரியவில்லை. துப்புரவு வேலை செய்த ஆண்கள் அந்த ஆய்வில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

3.6, 3.9. இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். சம்பளம் வாங்கிச் செய்கிறவரையும் ‘வீட்டில் சும்மா இருக்கிற’வரையும் நுரையீரல் ஏறக்குறைய ஒன்றாகவே கணக்கில் வைக்கிறது. வீட்டு வேலையும் உழைப்புதான் என்று பெண்ணியம் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவதற்கு மூச்சிலேயே ஒரு சாட்சி.

இன்னொரு கருவியையும் நினைவுபடுத்துகிறேன். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றை நிறுவினார்கள். உள்ளே நடந்துபோகிறவர்கள் மேல் பிளீச்சிங் கரைசல் பனியாகப் பொழியும். புதுமை என்று கொண்டாடினோம். பல ஊர்களிலும் அதைப்போல எழுந்தன. அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் இறுதியில், உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளரைத் தரையில் உட்காரவைத்து அவர்கள் மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சியடித்தார்கள். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், மனித உடல் மீது இவ்வகை ரசாயனங்களைத் தெளிக்கக் கூடாது, கண், தோல், மூச்சுக்குழல் எல்லாம் பாதிக்கப்படும் என்று அறிவுறுத்தியது. சரியான அறிவுறுத்தல். பொதுமக்களின் உடலைத் தொட்ட சில வாரங்களில் அந்தத் திரவத்தின் ஆபத்து அரசுக்குத் தெரிந்துவிட்டது. அதே வகைத் திரவத்தை ஆண்டுக்கணக்கில் தினமும் சுவாசிக்கிறவர் உடல் பற்றி எங்கள் கல்லூரிச் சுவரில் இன்றுவரை ஓர் அறிவிப்பும் இல்லை.

ஒரு கருவி நல்லதா என்று முடிவு செய்ய நான் மூன்று கேள்விகள் கேட்பேன். கேனில் இருப்பது என்ன, எதோடு சேரக் கூடாது என்பதை அதைத் தொடுகிறவருக்கு அவர் மொழியில் சொல்கிறதா? அந்த இடத்தின் தண்ணீரை, காற்றை, வெயிலை அறிந்து செய்யப்பட்டதா? பழுதானால் பழி யார் மேல் விழும்படி அமைக்கப்பட்டிருக்கிறது? மூன்றுக்கும் சரியான விடை வேண்டுமென்றால், வரைபடம் போடும் மேசையில் துடைக்கிறவர் உட்கார வேண்டும். பொத்தான் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட இடுப்புவலி உள்ளவர்தான் சொல்ல முடியும்.

இதை எழுதப்போவதாக அக்காவிடம் சொன்னேன். ‘எம்பேரு வேண்டாம் மேடம், காண்ட்ராக்ட்காரர் பார்த்தா வம்பு’ என்றார். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர் பெயரில்லாமலே நிற்கிறார். காப்புரிமை ஆவணத்தைக் குறை சொன்ன நானும் அதையேதான் செய்திருக்கிறேன். காரணம் மட்டும் வேறு. பிறகு என் மாணவிகள் இருவரை அழைத்துப்போனேன். நான்கு கேன்களுக்கும் பெரிய எழுத்தில் தமிழில் பெயர் எழுதி ஒட்டினோம். எதன் மேல் எதை எழுத வேண்டும், எதற்குக் கீழே சிவப்புக் கோடு போட வேண்டும் என்று நின்று சொன்னவர் அக்கா. ஒரு மாணவி ‘ஆசிட்’ கேனில் ‘பிளீச்சிங்கோடு கலக்கக் கூடாது’ என்று எழுதி நிமிர்ந்தாள். அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, ‘ஜன்னலத் திறந்துட்டு ஊத்தணும்னும் எழுது பாப்பா’ என்றார்.