காணியும் கண்ணீரும்

காணியை விற்பதா, வைத்திருப்பதா என்னும் வினா நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை விட்டுக் கொழும்புக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் சென்றோரின் கதைகளிலும் கவிதைகளிலும் அது திரும்பத் திரும்ப எழுகின்றது. விடையும் பெரும்பாலும் ஒன்றே. மண் தாய், தாயை விற்பது பாவம், ஆயினும் விற்கவேண்டி வந்துவிட்டது, ஆதலால் அழுகின்றோம். இக்கண்ணீர் பொய்யென்று நான் கூறவில்லை. அது யாருடைய கண்ணீர் என்பதே கேள்வி.

இவ்வினாவை உலக இலக்கியத்தில் இருவர் எவ்வாறு கையாண்டனர் என்று நோக்குவது பயன் தரும்.

செக்கோவின் 'செர்ரித் தோட்டம்' 1904 ஆம் ஆண்டு மொஸ்கோ கலை அரங்கில் முதன்முதல் மேடையேறியது. கடனில் மூழ்கிய பண்ணைச் சீமாட்டி ரானெவ்ஸ்கயா, தோட்டத்தை விற்க மனமும் இன்றி, காக்க வகையும் இன்றி, ஏல நாள் வரை பேசியே பொழுது போக்குகின்றாள். தோட்டத்தை மனைகளாகப் பிரித்துக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விட்டால் கடன் தீருமென்று வணிகன் லொபாஹின் வழி சொல்கின்றான். அவ்வழி அவளுக்கு அநாகரிகமாகத் தோன்றுகின்றது. ஈற்றில் ஏலத்தில் தோட்டத்தை வாங்குபவனும் லொபாஹினே. அவனுடைய பாட்டனும் தந்தையும் அதே பண்ணையில் அடிமைகளாய் இருந்தவர்கள். அவ்வீட்டு அடுக்களைக்குள்ளும் அனுமதிக்கப்படாதவர்கள்.

இதனைச் செக்கோவ் நகைச்சுவை நாடகம் என்றார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ துன்பியலாகவே மேடையேற்றினார். விற்பவளின் கண்கொண்டு நோக்கினால் அது துன்பியலே. ஆனால் செக்கோவ் அவளது கண்ணை மட்டும் நம்பவில்லை. அவளை அவர் வெறுக்கவுமில்லை. மாணவன் துரொபீமொவின் வாயிலாக, அத்தோட்டத்து மரங்களின் பின்னே அடிமைப்பட்ட மாந்தர் நின்று நோக்குவதை நினைவூட்டுகின்றார். அதே வேளையில் லொபாஹினையும் அவர் வீரனாக்கவில்லை. திரை விழுகையில் மரம் வெட்டும் கோடரியின் ஒலி கேட்கின்றது. பூட்டிய வீட்டினுள்ளே கிழட்டு வேலைக்காரன் பீர்ஸ் மறக்கப்பட்டுக் கிடக்கின்றான். உடைமை கைமாறியது, உழைத்தவனை இரு தரப்பாரும் மறந்தனர். நாடகத்தின் நேர்மை இதிலேயே உள்ளது.

பேர்ள் பக்கின் 'நல்ல நிலம்' 1931 இல் வெளிவந்தது. அதன் நாயகன் வாங் லுங் பஞ்சத்தில் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போதும் நிலத்தை விற்க மறுக்கின்றான். வீட்டுத் தட்டுமுட்டுகளை விற்பானேயன்றி நிலத்தை விற்கான். இறுதியில், கிழவனான அவன் காதில் விழ, மக்கள் நிலம் விற்பதைப் பற்றிப் பேசுகின்றனர். அவன் பதறுகின்றான்; அவர்கள் விற்கமாட்டோம் என்று சொல்லி, அவன் தலைக்கு மேலாக ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகை செய்கின்றனர். இக்காட்சியைப் படித்து மனம் கலங்காதவர் அரியர்.

ஆயினும் நாவலை ஊன்றிப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். ஹ்வாங் என்னும் பெருங்குடும்பம் விற்ற நிலத்தை வாங்கியே வாங் லுங் உயர்ந்தான். உயர்ந்தபின் தானும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பட்டணத்தில் ஹ்வாங்கின் வீட்டிலேயே குடியேறினான். தன்னுடன் தோளோடு தோள் நின்று மண் கொத்திய ஓ-லானிடமிருந்த இரண்டு முத்துக்களையும் பறித்து ஆசைநாயகிக்குக் கொடுத்தான். நிலத்தை விற்காதிருந்தவன் உழவனாகவே இருக்கவில்லை. விற்பவன் துரோகி, வைத்திருப்பவன் மண்ணின் மைந்தன் என்ற எளிய கணக்கு இங்கே உடைகின்றது.

இனி நம்மிடம் வருவோம். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்பனையில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாக வைத்திருக்கும் அடுத்த காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமையை வகுத்தது. அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள்ளன. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டுப்படுத்தியது. குடும்பத்தைக் காக்கும் ஏற்பாடு என்று இது போற்றப்படுவதுண்டு. ஆனால் அக்காணியை உழுதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வயல் செய்யும் குத்தகையாளருக்கு நிலைத்த உரிமை தந்தது. வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டக்காணி அதன் வரம்புக்கு வெளியே நின்றது.

இவ்விடத்தில் எனது வீட்டுக் கதையையும் சொல்லவேண்டியவனாகின்றேன். வலிகாமத்தில் எமக்கு எட்டுப் பரப்புத் தோட்டக்காணி உண்டு, முதுசம். பங்காளர் மூவர். அக்கா கனடாவில், தம்பி இங்கிலாந்தில், நான் கல்கிசையில் வாடகை வீட்டில். காணியை நல்ல விலைக்கு விற்று வெள்ளவத்தையில் ஒரு மாடிக்குடியிருப்பு வாங்கவேண்டும் என்பது என் வீட்டாரின் நெடுநாள் ஆசை. அது என் ஆசையும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்காணியை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குத்தகைக்குச் செய்பவர் ஒருவர். 2021 இல் அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது அவருடைய வெங்காயம் பாதியும் தேறவில்லை. அவ்வாண்டும் நாம் குத்தகைப் பணத்தில் ஒரு சதம் குறைக்கவில்லை. நான் அப்போது வகுப்பில் பாட்டாளி இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

அவரே காணியைத் தவணை முறையில் வாங்கிக்கொள்ளக் கேட்டார். ஊரிலுள்ள பெரியப்பாவிடம் கலந்தேன். "வித்தாலும் வில்லுங்கோ தம்பி, பிறத்தியாருக்குக் குடுத்துப் போடாதையுங்கோ" என்றார். அவ்வூரிலேயே பிறந்து, அம்மண்ணிலேயே முதுகு வளைந்தவர் எவ்வாறு பிறத்தியார் ஆனார்? விடையை வாசகர் அறிவர். ஊருக்கே வராத, கடல் கடந்து வாழும் ஒருவர் கூடிய விலை தர முன்வந்தபோது, அவரை எவரும் பிறத்தியார் என்னவில்லை.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தபோது அதன் கலையழகைப் பற்றிப் பலர் குறை கூறினர். ஆனால் காணியை உடையவன் பக்கமிருந்தன்றி, அடக்கப்பட்டவன் பக்கமிருந்து நோக்கிய பார்வை அங்கேதான் உள்ளது. மண்ணைத் தாயென்று பாடும் நமது எழுத்தாளர் பலர், அத்தாயின் மடியில் இடம் மறுக்கப்பட்டோரைப் பாடுவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டோரின் காணிகள் பல்லாண்டுகள் படையினர் வசமிருந்து, படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன. நிலம் பறிபோன சமூகத்தில் நிலப்பற்றைக் குறை கூறலாமா? மறுப்பு நியாயமானது. அவர்கள் காணியைத் திரும்பக் கேட்பது உரிமைக் குரல். அதனோடு நான் உடன்படுகின்றேன். ஆனால் முள்வேலிக்கு அப்பால் தன் காணியைப் பார்த்து நின்றவரின் துயரத்தை, குத்தகை வாங்கிக்கொண்டு தொலைவிலிருந்து ஏங்கும் உடைமையாளன் கடன் வாங்கலாகாது. நிலம் நம் மக்களிடம் நிற்கவேண்டும் என்போமாயின், அதில் நிற்பவரும் நம் மக்களே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனது பங்கை உழுபவருக்கே, அவர் கேட்டபடி தவணை முறையில் விற்க விரும்புவதாக இருவருக்கும் எழுதியுள்ளேன். அக்கா இசைந்தார். தம்பி இன்னும் பதில் எழுதவில்லை. சட்டப்படி அவனே முதலில் வாங்கும் உரிமையும் உடையவன். வெள்ளவத்தை வீடு இப்போதைக்கு இல்லை என்பதில் என் மனைவிக்கு வருத்தமே.

காணி விற்பதைப் பற்றி இனி எழுதுவோரிடம் ஒன்றே வேண்டுவேன். விற்பவனின் கண்ணீரை எழுதுங்கள். ஆனால் கிணற்றடியில் இறைத்துக்கொண்டு நிற்பவரிடம், அவர் என்ன நினைக்கின்றார் என்றும் ஒருமுறை கேட்டு எழுதுங்கள்.