முத்தல் இலையின் நயம்

தேயிலையின் அழகைச் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு இலையும் ஓர் அரும்புமாக நிற்கும் கொழுந்தோடு நின்றுவிடுகிறார்கள். இலங்கையின் ஹட்டன், லிந்துலை, தலவாக்கலை மலைகளில் செடியின் நுட்பத்தை ரசிக்கக் கொழுந்து மட்டத்தைக் கையால் விலக்கி, அடியிலிருக்கும் முத்தல் இலைகளைப் பார்க்க வேண்டும். மண்ணில் ஏற்படும் பல குறைவுகள் அங்கேதான் முதலில் தெரியும்.

மக்னீசியம் குறைந்த இலையைப் பாருங்கள். நரம்புகளுக்கிடையே மஞ்சள் படர்ந்திருக்கும். ஆனால் நடுநரம்பை ஒட்டி, காம்பருகே அகன்று நுனி நோக்கி ஒடுங்கும் கோபுரமாக, கரும்பச்சை கலையாமல் நிற்கும். பொட்டாசியக் குறைவு விளிம்பிலிருந்து வருகிறது. ஓரம் கருகும், இலை உதிரும், தண்டு மெலியும், கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்கத் திணறும். இரண்டும் முத்தல் இலையில்தான் தோன்றுகின்றன. மஞ்சள் நரம்பிடையில் படர்கிறதா, ஓரம் கருகுகிறதா என்பதே வேறுபாடு. அதைக் கண்டுகொண்டால் டொலமைட் இடுவதா, பொட்டாசு உரம் இடுவதா என்ற முடிவுக்கு வழி கிடைத்துவிடும்.

ஏன் முத்தல் இலை? நைதரசன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பவல்லது. பற்றாக்குறை வந்தால் முதியது வாடி இளையது தழைக்கும். கந்தகமும் நாகமும் அவ்வளவு எளிதில் இடம்பெயர்வதில்லை. ஆகவே அவற்றின் குறைவு கொழுந்திலேயே தெரியும். நாகம் போதாவிட்டால் துளிர் சிறுத்துக் குறுகி ஒருபுறம் வளையும், கணுக்கள் நெருங்கும். கந்தகம் போதாவிட்டால் இளம் இலை மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சை மாறாதிருக்கும். நியாசாலாந்தின் (இன்றைய மலாவி) தோட்டங்களில் கண்ட அந்த மஞ்சளுக்குக் கந்தகக் குறைவே காரணமென்று ஆய்வாளர்கள் ஸ்டோரியும் லீச்சும் 1933இல் எழுதினார்கள். நைதரசன் குறைந்த செடியில் நரம்பும் தப்பாது, இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும்.

ஆயிரம் கிலோ தேயிலைத்தூளோடு ஏறக்குறைய 40 கிலோ நைதரசன் மலையை விட்டு இறங்குகிறது. சரிவில் பெய்யும் மழையும் தன் பங்குக்கு ஊட்டத்தைக் கரைத்துச் செல்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண் தாங்காது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, அடுத்த ஆண்டு 25 கோடிக்கு இறங்கியதற்கு உரப் பஞ்சம் முக்கிய காரணம்.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. எவ்வளவு குறைவு என்பதை மண்ணையும் இலையையும் சோதிக்கும் அதன் ஆய்வுகூடம் சொல்லும். எந்த மலையில், எந்த நிரையில் மாதிரி எடுக்க வேண்டும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். ஏழெட்டு நாளுக்கொரு முறை ஒவ்வொரு செடியையும் தொடுபவர் கொழுந்து பறிக்கும் பெண். அவர் கை கொழுந்தில் இருக்கும்போதே கண் அடி இலைக்கும் போகும்படி இந்த அடையாளங்களைக் கற்றுக்கொடுத்து, அவர் சொல்வதை உரக் கணக்கில் ஏற்பதே மலைக்குச் செய்யும் நல்ல வைத்தியம்.