சினிமா உறையும் சேணக்காரர் உறையும்

அமெரிக்காவில் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பழைய பாணியில், நல்ல தோலில், கையைக் கடிக்காத விலையில் ஒரு ஹோல்ஸ்டர் எங்கே கிடைக்கும்?" ஹோல்ஸ்டர் என்றால் இடுப்பு பெல்ட்டில் தொங்குமே, அந்தத் தோல் உறை. இதைப் படிக்கிற நம்மில் பெரும்பாலோர் அதை வாங்கப்போவதே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. 'பாரம்பரிய' என்று ஒட்டினாலே எண்ணெய்க்கும் அரிசிக்கும் விலை ஏறுகிற ஊரில் இருக்கிறோம் இல்லையா?

பாரம்பரியமும் வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்றால் நடக்குமா என்பதுதான் பலரின் சந்தேகம். என் கட்சி நேர் எதிர். உண்மையான பழைய உறைதான் மலிவானது. விலையை ஏற்றிவிட்டது சினிமா.

கௌபாய் என்றதும் நம் கண்முன் வருவது எது? ஜெய்சங்கர் படமோ லயன் காமிக்ஸோ ஹாலிவுட்டோ, எங்கிருந்து வந்தாலும் அந்தச் சித்திரம் ஏறக்குறைய ஒன்றுதான். இடுப்பிலிருந்து சரிந்து இறங்கும் அகலமான பெல்ட், தொடை உயரத்தில் தொங்கும் உறை, அதைக் காலோடு சேர்த்துக் கட்டிய தோல்வார், பாதிக்கு மேல் வெளியே தெரியும் துப்பாக்கி. இந்த வகைக்கு 'பஸ்கடேரோ' என்று பெயர். பெல்ட்டின் கீழ்ப்பகுதியை அகலமாக விட்டு, அதில் துளை வெட்டி, உறையைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். இது 1920களில் வந்தது. டெக்சாஸ் சேணக்காரர் சாம் மயர்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. படங்கள் காட்டுவதோ 1870, 1880களின் கதை. அந்தக் காலத்து மாட்டுக்காரன் இப்படி ஒரு உறையைப் பார்த்திருக்கவே மாட்டான்.

அடுத்த படி 1950கள். ஆர்வோ ஓஜாலா என்ற ஹாலிவுட் கைவினைஞர் இரண்டு தோல் அடுக்குகளுக்கு நடுவே உலோகத் தகடு வைத்துத் தைத்தார். உறை துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காது. உள்ளே இருக்கும்போதே சிலிண்டர் சுழலும். அதனால் நடிகர் கண்ணிமைக்கும் நேரத்தில் உருவிச் சுட முடியும். 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷல் டில்லனுக்கு எதிரே நின்று சுடப்பட்டு விழுபவரும் இவரேதான். உறை செய்தவரே திரையில் வந்து அதன் வேகத்துக்குச் சாட்சி சொன்ன மாதிரி!

சரி, நிஜத்தில் என்ன இருந்தது? 1847இன் வாக்கர் கோல்ட் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. அதை இடுப்பில் யார் சுமப்பது? சேணத்தின் முன்பக்கம் தொங்கும் உறையில் குதிரைதான் சுமந்தது. துப்பாக்கி சிறிதாக ஆக, உறை இடுப்புக்கு வந்தது. 1850களில் கலிபோர்னியா பக்கம் ஒரு மெல்லிய உறை பரவியது. சேகரிப்பாளர்கள் அதை 'ஸ்லிம் ஜிம்' என்கிறார்கள். ஒரே தோல் துண்டு, நீளவாக்கில் ஒரு மடிப்பு, ஒரு தையல். அவ்வளவுதான். பிறகு உலோகத் தோட்டாக்கள் வந்தன; அவற்றைச் செருகிவைக்கும் அகலமான பெல்ட்டும் வந்தது. ஸ்லிம் ஜிம்மின் குறுகலான வளையத்தில் அந்தப் பெல்ட் நுழையவில்லை. அதற்குக் கிடைத்த விடைதான் 1870களில் பரவிய 'மெக்சிகன் லூப்'. உறைக்கான தோலையே பின்பக்கம் பெரிதாக விட்டு மடித்து, அதில் இரண்டு கீறல் போட்டு, உறையை அதற்குள்ளேயே நுழைத்துவிடுவது. மடிப்புக்கு நடுவே பெல்ட் போகும். தனி வளையம் தைக்க வேண்டாம். குதிரை ஓட்டத்தில் விழுந்துவிடாதபடி துப்பாக்கி ஆழமாக உட்கார்ந்திருக்கும். வேகமாக உருவ வேண்டும் என்பதைவிட, தொலைந்துபோகக் கூடாது என்பதே அன்றைய கவலை. மாதம் 30 டாலர் அளவில் சம்பளம் வாங்கியவனுக்கு அது நியாயமான கவலைதானே.

இன்னொரு வேடிக்கை. 1881 அக்டோபர் 26, டூம்ஸ்டோன் ஊரின் ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை. இத்தனை படங்களாக வந்த சம்பவம். அதில் வயட் அர்ப் தன் துப்பாக்கியை எங்கே வைத்திருந்தார்? மேல்கோட்டின் பையில். பின்னால் நடந்த விசாரணையில் அவரே சொன்னது இது. உறையே இல்லை!

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். பஸ்கடேரோவுக்கு அகலமான பெல்ட், அதற்கேற்ற உறை, கால் வார், பெரும்பாலும் பூவேலை, சில சமயம் வெள்ளிக் குமிழ்கள். தோலும் அதிகம், கைவேலையும் அதிகம். மெக்சிகன் லூப்புக்கு ஒரு துண்டுத் தோலும் ஒரு தையலும் போதும். பழகிய கைக்கு அது சின்ன வேலை. அதனால்தான் அன்றைய சேணக்கடைகளும் தபால் வழி விற்ற நிறுவனங்களும் அதைச் சாதாரணச் சரக்காக விற்க முடிந்தது. அருங்காட்சியகத்தில் இன்று நாம் பார்ப்பது பூவேலை செய்த, கடை முத்திரை குத்திய அழகான உறைகளை. சாதாரண உறைகள் தேய்ந்து கிழிந்து போய்விட்டன, யாரும் எடுத்துவைக்கவில்லை. அதனால் பழையது எல்லாமே ஆடம்பரம் என்று தோன்றுகிறது.

சினிமா உறை மட்டம் என்று நான் சொல்லவில்லை. கேமராவுக்குத் தெரிய வேண்டும், நடிகர் வேகமாக உருவ வேண்டும். அந்த இரண்டையும் அது அற்புதமாகச் செய்தது. என் சண்டை, அதன் சாயலை மலிவாக நகல் எடுத்து 'பாரம்பரியம்' என்று விற்பவர்களோடு. விலையைக் குறைக்க அவர்கள் பூவேலையை விடுவதில்லை, தோலை விட்டுவிடுகிறார்கள். மெல்லிய தோல், இயந்திரத்தில் அழுத்திய பூ, உள்ளே பஞ்சு, பளபளப்புக்கு மேல்பூச்சு. கொஞ்ச நாளில் உறையின் வாய் தொய்ந்து மூடிக்கொள்கிறது. அன்றைய சேணக்காரர் செய்தது இதற்கு நேர்மாறு: அலங்காரத்தை விட்டார், தோலை விடவில்லை.

எனவே எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று பிரித்துக்கொள்வது நல்லது. பூவேலை, குமிழ், ஜோடிப் பெல்ட், கால் வார் எல்லாவற்றையும் விடலாம். விடக் கூடாதவை மூன்று: பட்டையில் பதனிட்ட தோல், தடிமன், தையல். குரோம் பதனீட்டுத் தோல் துணிபோலத் துவளும். பட்டைத் தோலை நனைத்து அழுத்தினால் துப்பாக்கியின் வடிவம் அதில் நின்றுவிடும். ஓக், ஹெம்லாக் மரப்பட்டைகளில் அமெரிக்கர்கள் செய்ததை நம் ஊரில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் செய்தார்கள். அப்படிப் பதனிட்ட தோல் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைவரை போயிருக்கிறது. தடிமனை அங்கே அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. 8 அவுன்ஸ் என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும்.

அளவு எடுத்துத் தைக்கச் சொல்லிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1873இன் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனும் இன்று வரும் அதன் இத்தாலிய நகல்களும் ஏறக்குறைய ஒரே உருவம். குழல் நீளம் 4¾, 5½, 7½ அங்குலம் என்று வழக்கமான அளவுகள். கடைச் சரக்கே பொருந்தும். ரூகரின் பழைய வக்கேரோ சற்றுப் பெரிது, அதற்கு மட்டும் பார்த்து வாங்க வேண்டும். டபுள் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1980, 90களில் அமெரிக்க போலீஸ் துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது பயனற்றுப்போன ரிவால்வர் உறைகள், பழைய பொருள் சந்தையில் இன்றும் கிடைக்கின்றன. தோல் நல்ல தோல்.

ஒரு இடத்தில் மட்டும் பாரம்பரியத்தைப் பின்பற்றக் கூடாது. பழைய உறைகள் பலவற்றில் விசைப்பகுதி ஓரளவு வெளியே தெரியும். சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தியலைப் பின்னிழுக்காமல் விசை வேலை செய்யாது என்பதால் அது செல்லுபடியாயிற்று. டபுள் ஆக்‌ஷனில் விசையை இழுத்தாலே குண்டு பாயும். அதற்கு விசையை முழுக்க மூடும் உறைதான் சரி. அப்புறம், எந்தத் தோலானாலும் துப்பாக்கியை உறையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. தோல் ஈரம் பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் மாற்றிக்கொள்ளலாம். "இது பாரம்பரியமானதா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என்ன பதனீடு, எத்தனை அவுன்ஸ், தையல் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம், அலங்காரம் எதுவும் இல்லாத உறையைக் கேட்டு வாங்கலாம்.