டிக்கெட்டை எங்கே வைப்பது?

பொம்மிடியில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு சர்வரில் வேலை பார்க்கிற ஒருவருக்கு லைன் எப்போது துண்டிக்கும் என்று சொல்ல முடியாது. மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ரூட்டரும் போகும். திரும்ப எஸ்எஸ்எச் போட்டு உள்ளே நுழைந்து, இணைப்பு அறுந்தாலும் ஷெல்லை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பார்த்தால், காலையில் ஒழுங்காக ஓடிய ஹடூப் கட்டளை ‘ஜிஎஸ்எஸ் இனிஷியேட் ஃபெயில்டு’ என்கிறது. டிக்கெட்டைப் பட்டியலிடும் கேலிஸ்ட் அடித்தால் கேஷ் கோப்பே இல்லை. பாஸ்வேர்டிலும் நெட்வொர்க்கிலும் பழுதில்லை. பழைய இணைப்பு அறுந்ததும் அதன் டிக்கெட்டை எஸ்எஸ்எச் சர்வர் அழித்துவிட்டது. புது இணைப்பு புது டிக்கெட்டை வேறொரு பெயரில் வைத்திருக்கிறது. டீமக்ஸுக்குள் இருக்கும் ஷெல் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது.

கெர்பரஸ் என்ற இந்த டிக்கெட் ஏற்பாடு 1980களில் அமெரிக்காவின் எம்ஐடியில், அதீனா திட்டத்துக்காக உருவானது. ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். பிறகு டிக்கெட்டைக் காட்டியே எல்லா சர்வருக்கும் போகலாம். விண்டோஸ் 2000 முதல் ஆக்டிவ் டைரக்டரி இதன்மேல்தான் நிற்கிறது. தில்லி ஐஐடி மாணவர்கள் தங்கள் லாகின் பெயரையே கெர்பரஸ் ஐடி என்றுதான் சொல்கிறார்கள். டிக்கெட்டும் அதோடு சேர்ந்த அமர்வுச் சாவியும் கிடக்கும் இடம்தான் கேஷ். பொம்மிடி ஸ்டேஷனில் சேலத்துக்கு எடுக்கிற பெயர் போடாத சாதா டிக்கெட் மாதிரி, இதுவும் கையில் வைத்திருப்பவருக்குச் செல்லும். எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்ற முகவரிகூட இன்றைய வழக்கத்தில் அதில் எழுதப்படுவதில்லை. ஆக்டிவ் டைரக்டரியில் பொதுவாக 10 மணி நேரம் உயிரோடு இருக்கும். அதனால்தான் அதை எங்கே வைப்பது என்பது சிஸ்டம் அட்மின்களுக்கு ஓயாத சர்ச்சை.

பழைய வழி, டெம்ப் டைரக்டரியில் ஒரு கோப்பு. உரியவர் மட்டும் படிக்கும்படி 0600 அனுமதி. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது: எல்லா நிரலுக்கும் கோப்பு படிக்கத் தெரியும். நெட்வொர்க் கோப்பு முறையான என்எஃப்எஸ்ஸுக்கான ஜிஎஸ்எஸ்டி டீமன்கூட அந்த டைரக்டரியில் துழாவித்தான் பயனரின் டிக்கெட்டைக் கண்டுபிடித்து வந்தது. குறை, மறதி. எஸ்எஸ்எச் சர்வர் பாதியில் செத்துப்போனால் கோப்பை அழிக்க யாரும் இல்லை. காலாவதி ஆகும்வரை அதிலுள்ள டிக்கெட் செல்லுபடியாகவே கிடக்கும். ஹோம் டைரக்டரிக்கு மாற்றலாமே என்று யோசிப்பவர்கள் உண்டு. அது கெர்பரஸ் போட்ட என்எஃப்எஸ்ஸில் இருந்தால், டைரக்டரியைத் திறக்கவே டிக்கெட் வேண்டும். கெர்பரஸ் இல்லாத சாதாரண என்எஃப்எஸ் என்றால் டிக்கெட் நெட்வொர்க்கில் அப்பட்டமாகப் போகும். இரண்டும் வேண்டாம்.

2014இல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, டிக்கெட்டைக் கெர்னலின் கீரிங்குக்குக் கொண்டுபோனது. டிஸ்க்கில் கோப்பாகக் கிடக்காது, பயனர் ஒருவருக்கு ஒரே தொகுப்பு, மூன்று நாள் தொடாமல் விட்டால் தானாகவே மறையும். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் ஜாவாவின் கெர்பரஸ் நூலகத்துக்குக் கோப்பு மட்டும்தான் தெரியும். ஹடூப் பெரும்பாலும் ஜாவா. டிக்கெட் வாங்கும் கேஇனிட் வெற்றி, கேலிஸ்டில் டிக்கெட் பளிச்சென்று தெரிகிறது, ஹடூப் மட்டும் டிக்கெட் இல்லை என்கிறது! கிளஸ்டர் வைத்திருந்த பலர் கடைசியில் செய்தது, கான்ஃபிக் கோப்பில் கேஷ் இடத்தைக் குறிக்கும் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் போட்டு, பழையபடி டெம்ப் கோப்புக்கே திரும்பியதுதான். கன்டெய்னர்கள் வந்தபோது அடுத்த சிக்கல். கீரிங்கைக் கெர்னல் கன்டெய்னர் வாரியாகப் பிரித்து வைப்பதில்லை. டாக்கரோ கீரிங் அழைப்புகளையே இயல்பாகத் தடுத்து வைத்திருக்கிறது.

2019இல் ரெட் ஹாட் 8, கேசிஎம் என்ற தனிச் சேவையைக் கொண்டுவந்தது. டிக்கெட்டை ஒரு டீமன் பார்த்துக்கொள்ளும், சாக்கெட் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள்ளும் கொடுக்கலாம். பலர் ஒன்றாக லாகின் செய்யும் சர்வருக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம். டீமக்ஸ் தொல்லையும் பெரும்பாலும் தீரும், ஏனென்றால் பழைய ஷெல்லும் புதிய ஷெல்லும் ஒரே இடத்தில்தான் கேட்கின்றன. விலையும் உண்டு: ஒரு ஜன்னலில் கேடெஸ்ட்ராய் அடித்தால் மற்ற ஜன்னல்களிலும் டிக்கெட் போய்விடும். ஜாவாவின் பிடிவாதமும் அப்படியே இருக்கிறது.

அட்மின்களைச் சுற்ற விடுகிற இன்னொன்று, எழுதி வைத்ததை யார் கேட்கிறார்கள் என்பது. கெர்பரஸ் கான்ஃபிக்கில் கேஷ் இடத்தைக் குறித்தால் கேஇனிட் அதை மதிக்கும். மூல ஓபன்எஸ்எஸ்எச், லாகினோடு வந்த டிக்கெட்டை அதைப் பார்க்காமல் டெம்ப்பில் ஒரு புதுப்பெயர்க் கோப்பாகவே எழுதும். ரெட் ஹாட் தன் பதிப்பில் இதைத் திருத்தியிருக்கிறது. பாஸ்வேர்டு லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டிக்கு அதன் சொந்த வரி வேறு. ஒரே சர்வரில் பாஸ்வேர்டு போட்டு வந்தவரின் டிக்கெட் ஓரிடத்திலும் டிக்கெட்டோடு வந்தவருடையது வேறிடத்திலும் இருப்பது இப்படித்தான்.

இவ்வளவு இடமாற்றத்தையும் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு அது பாதிதான் ஏற்புடையது. சர்வரில் ரூட் உரிமை பெற்ற திருடனுக்கு மூன்று இடமும் ஒன்றுதான். கீரிங்கிலிருந்தும் கேசிஎம் தரவுத்தளத்திலிருந்தும் டிக்கெட் எடுக்கும் கருவிகள் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன. இடம் உண்மையில் முடிவு செய்வது, டிக்கெட்டை யார் கண்டுபிடிப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதைத்தான். திருட்டைக் குறைக்க வேண்டுமானால் நம்பிக்கையில்லாத சர்வருக்கு டிக்கெட்டை அனுப்பாமலே இருக்கலாம். ஓபன்எஸ்எஸ்எச் கிளையன்டில் டிக்கெட்டை அனுப்பும் அமைப்பு இயல்பாகவே அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வசதிக்காக எல்லா ஹோஸ்டுக்கும் நட்சத்திரக் குறி போட்டு அதைத் திறந்துவிடுவது நாம்தான்.

ராத்திரி முழுக்க ஓடுகிற வேலைக்கு ஆள் லாகினில் வந்த டிக்கெட்டை நம்புவது எந்த இடத்திலும் சரிப்படாது. அதற்குக் கணக்கின் சாவியை வைத்திருக்கும் கோப்பான கீடேப் கொடுத்து, தனிக் கேஷ் கோப்பு ஒன்றை அந்த வேலைக்கு மட்டும் காட்டிவிடலாம். கீடேப்புக்குக் காலாவதி நேரம் கிடையாது, சாவி மாறும்வரை செல்லும். ஆகவே அதை ஆளின் கணக்குக்குப் போடாமல், அந்த வேலைக்குத் தேவையான உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்குக்குத்தான் போட வேண்டும்.